முழங்கால் மலைகள்

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடொன்றில் நான் பராமரித்த முதியவருக்குச் சொந்தமாக ஒரு நாடு இருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. படுக்கையில் முழங்கால்களை மடித்து வைத்திருப்பார். போர்வைக்கு மேலே அவை இரண்டு மலைகள். அந்த மலைநாடு விடுதலைக்காகப் போராடுகிறது என்பார். ஒட்டிய கன்னம், படிய வாரிய வெள்ளைத் தலை. சிரித்து நான் பார்த்ததில்லை.

காலையில் அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கால்களை நீட்டிவிட்டு, போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவது என் வேலை. இழுத்ததும், "மலையெல்லாம் போச்சு" என்பார், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. பிறகு மெல்ல முழங்கால்களை மறுபடி உயர்த்துவார்.

ஒருநாள் பேச்சு என் ஊருக்கு வந்தது. அவர் கேட்டது இத்தாலிய மொழியில்தான். என் காதில் அது எங்கள் பேச்சாகவே விழுந்தது.

"உங்கட நாட்டிலையும் சண்டை நடந்ததோ?"

"ஓம், சின்யோர்."

"அங்கை மலை இருக்கோ?"

"எங்கட பக்கம் இல்லை. வெட்டைவெளிதான்."

"அப்ப எங்கை ஒளிச்சனீங்கள்?"

விசா காகிதத்துக்காக எங்கெங்கோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நான் கையிலிருந்த துவாயை மடித்தேன்.

அவர் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். முழங்கால்களுக்குக் கீழே கொஞ்சம் இருட்டு இருந்தது.

"இதுக்குள்ளை வரலாம்" என்றார்.

அவர் இறந்துவிட்டார். இப்போது வேறொரு வீட்டில் வேறொருவரின் போர்வையை இழுக்கிறேன். முழங்காலடியில் கை நின்றுவிடுகிறது. அந்த இருட்டுக்குள் அன்று எங்கள் வீட்டில் யார் யார் ஒளிந்திருக்க முடியும் என்று பார்க்கிறேன்.