ஐந்தாம் தீவைச் சுற்றி வருதல்

1974 டிசம்பர் 14, சனி. காலை 7.20: கண்ணம்பாடி அணையின் பின்நீரில், மீனவர் துறையிலிருந்து புறப்பாடு. படகில் இருவர். கிழக்குக் காற்று, மெல்லியது. 9.05: முதல் தீவு. சுற்றி வர இருபத்திரண்டு நிமிடம். பிற்பகல் 2.40: இரண்டாம் தீவு. சுற்றி வர முப்பத்தைந்து நிமிடம். இரவுத் தங்கல் அங்கேயே, கூடாரத்தில்.

டிசம்பர் 15, ஞாயிறு. காலை 8.15: புறப்பாடு. 10.30: மூன்றாம் தீவு. சுற்றி வர இரண்டு மணி பத்து நிமிடம். இடையில் பதினொரு நிறுத்தங்கள். கூடாரம்.

டிசம்பர் 16, திங்கள். காலை 7.50: புறப்பாடு. 9.00: நான்காம் தீவு. சுற்றி வரப் பதினெட்டு நிமிடம். 11.45: ஐந்தாம் இடம். சுற்று முடியவில்லை. மாலை 4.30: துறைக்குத் திரும்புதல். படகுக்குச் சேதம் இல்லை.

எங்கள் படகின் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் உள்ள பக்கம் இது. பதினொரு நிறுத்தங்களுக்கும் காரணம் என் மனைவியின் இதயம். அதன் வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை என்று அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மைசூர் மருத்துவர் கண்டு சொல்லியிருந்தார். மாடிப்படி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, துடுப்புப் போடக்கூடாது என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது அவள் கைகட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "தீவைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையே, கவனிச்சீங்களா?" என்றாள்.

நான் நீர்ப்பாசனப் பொறியாளனாக இருந்தவன். நீர்த்தேக்கங்களில் வண்டல் படிவது பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றேன். இருபது ஆண்டுகள் அதையே இளம் பொறியாளர்களுக்குப் பாடமாகவும் சொன்னேன். அவள் மைசூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அந்த ஆண்டு நவம்பர் முடிவில் நான் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்ற பேச்சு எங்களிடையே எழுந்ததே இல்லை. விடை முந்தைய கோடையிலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாட்டுவண்டி செய்யும் தச்சர் ஒருவரின் பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. நான் வரைந்து கொடுத்த படத்தை அவர் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, தமக்குப் பழக்கமான முறையில் பலாப் பலகைகளை இழைத்துப் பதினான்கு அடி நீளத்தில் ஒரு படகு செய்தார். அதன் எடை ஒரு பார வண்டியின் எடை. துறையில் அதை இறக்கிய நாளில், தமிழக எல்லையோரப் பாலாற்றுப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மீன் பிடித்துவந்த பரிசல்காரர் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. சக்கரத்தை மறந்துட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். அன்றிலிருந்து படகு அவர் பொறுப்பில் துறையிலேயே கிடந்தது.

அணை கட்டுவதற்கு முன் எடுக்கப்பட்ட நில அளவைப் படத்தின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. நீர்மட்டம் இன்ன அளவில் நின்றால் பின்நீரின் ஒரு கிளையில் எந்தெந்த மேடுகள் நீருக்கு மேல் நிற்கும் என்று அதைக்கொண்டு கணக்கிட்டேன். டிசம்பர் நடுவில் ஐந்து நிற்கும் என்று வந்தது. அவள் அந்த ஐந்துக்கும் பச்சைப் பென்சிலால் வண்ணம் தீட்டினாள். பிறகு ஒரு விதியும் விதித்தாள்.

"நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி. இருபத்தஞ்சு வருஷமா பிள்ளைங்களை ஒப்பிக்க வெச்சிருக்கேன். ஒரு தடவையாவது சரிபார்த்தேனா? படகிலிருந்து இறங்கி, தண்ணி எப்பவும் இடது கைப் பக்கமே இருக்கற மாதிரி நடந்து, திரும்பவும் படகைத் தொடணும். தொட்டாத்தான் அது தீவு."

ஐந்தையும் அப்படித் தொட வேண்டும் என்பதே அவள் விருப்பம். அதை அவள் என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள்.

அவசரம் கூடாது என்பது அடுத்த விதி. ஒவ்வொரு தீவிலும் ஒருவேளைச் சமையல். சாப்பிட்டு முடிக்கும்வரை நீர்மட்டத்தைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. முதல் தீவில் அவல் உப்புமா. அடுப்பை மூட்டியதும் நீர்நாய் இரண்டு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மூழ்கின. இரண்டாம் தீவில் யாரோ பரிசலில் வந்து கொள்ளு விதைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக முளைத்திருந்ததை மிதிக்காமல் நடக்க வேண்டியிருந்ததால் சுற்று நீண்டது. நான் துடுப்புப் போட்டேன், சுக்கான் அவளிடம். ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய நீர்ப்பரப்பை வாத்துக் கூட்டங்களுக்கு வழிவிட்டு, வளைந்து வளைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்தோம். எனக்குக் கை வலித்தது. அவளுக்குத் தெரியும். "சும்னே உட்காருங்க. படகு தானா போகும்" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் இடையிடையே என்னை நிறுத்திவைத்தாள்.

மூன்றாம் தீவு பெரியது. நீரில் மூழ்கிய ஊரொன்றின் மேட்டுப் பகுதி அது. குட்டைச் சுவர்கள் சில நின்றன. மடக்கு நாற்காலியை ஏந்தி அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அவள் நின்றால் நாற்காலியை விரிப்பேன்; எழுந்தால் மடக்குவேன். ஒன்பதாம் நிறுத்தத்தில் அவள் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"திரும்பிடலாம்" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள், மூச்சுக்கு நடுவே. "முன்னாடி போனாலும் படகு, பின்னாடி போனாலும் படகு. பின்னாடிதான் தூரம் ஜாஸ்தி."

"நீ இங்கேயே இரு. நான் போய்ப் படகை இந்தப் பக்கம் கொண்டு வர்றேன்."

"கொண்டு வந்தா இது உங்களுக்குத் தீவு. எனக்கு இல்லை. ஸ்வல்ப நில்லுங்க, மூச்சு வரட்டும். அது எங்கேயும் போயிடாது."

"நாளைக்குக் காலையில துறைக்குத் திரும்பறோம். டாக்டர்கிட்ட காட்டணும்."

அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "சுக்கான் யார் கையில?"

"உன் கையில."

"அல்வா, அப்படித்தானே? அப்போ திருப்பறதா இருந்தா நான்தான் சொல்லணும். நான் சொல்ற வரைக்கும் அந்த வார்த்தையை எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். எளிதாகச் சொல்லவில்லை. அவள் எழுந்தாள். அதன்பின் இன்னும் இரண்டு நிறுத்தங்கள். படகின் முனையில் உள்ளங்கையை வைத்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி எதுவும் இல்லை. தேர்வுத்தாளில் ஒரு விடையைச் சரி என்று குறித்து அடுத்ததற்குப் போகும் ஆசிரியையின் பார்வை அது.

மூன்றாம் நாள் நான்காம் தீவை முடித்துவிட்டு வரும் வழியில் பரிசல்காரர் எதிர்ப்பட்டார். பரிசலை எங்கள் படகோடு ஒட்டி நிறுத்தினார்.

"எங்கீங்க சார் போறீங்க?"

கிழக்கே தெரிந்த மேட்டைக் காட்டினேன்.

"அங்கீங்களா? அது கரையோட ஒட்டிப் பத்து நாளாச்சுங்களே. மாடெல்லாம் நடந்து போகுது."

"இருக்காது. கணக்குப்படி அங்கே இன்னும் மூணடி தண்ணி நிக்கணும்."

"கணக்கு மாட்டுக்குத் தெரியாதுங்களே, சார்."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, போதும். இதுக்கு மேல சொன்னா இவர் ராத்திரி தூங்க மாட்டார்."

"நெசமாத்தான் அம்மிணி. அந்தச் சேத்துல மட்டும் காலை வெச்சுராதீங்க. முழங்கால் வரைக்கும் இழுத்துக்கும்."

அவர் போனபின் அவள் சுக்கானை மாற்றவில்லை. கிழக்கு நோக்கியே போனோம். இறங்கினோம். நீர் இடக்கைப் பக்கம் இருக்க அவள் நடக்கத் தொடங்கினாள். இருநூறு அடி போயிருப்போம். நீர் முடிந்துவிட்டது. எங்களுக்கு முன்னே, மேட்டையும் கரையையும் இணைத்து, கறுத்த சேறு கழுத்துப்போல் நீண்டு கிடந்தது. அதில் மாட்டுக் குளம்புகள் பதிந்திருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் சிறிது நீர்.

என் தவறு எங்கே என்று அந்த இடத்தில் நின்றபோது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நான் பயன்படுத்திய படம் அணைக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஓடையொன்று ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அந்தக் கழுத்தை உயர்த்தியிருந்தது. நீரின் ஓட்டம் தணியும் இடத்தில் வண்டல் மிகும் என்பது நான் முதல் வகுப்பிலேயே சொல்லும் செய்தி. ஊரிலுள்ள எல்லா நீர்த்தேக்கங்களுக்கும் அதைக் கணக்கில் சேர்த்தவன், என் மனைவியை அழைத்துச்செல்லும்போது சேர்க்கவில்லை. அவளிடம் இதைச் சொன்னேன்.

"வண்டலையா மறந்தீங்க? நீங்களா?" என்றாள். கோபம் இல்லை, வியப்புதான்.

"பத்து நாளுக்கு முன்னாடி வந்திருந்தா இது தீவுதான். தீவுன்னே எழுதிக்கலாம்."

"எழுதலாம். ஆனா சுத்தி வரலையே. 'இடம்'னு எழுதுங்க. சுற்று முடியவில்லைன்னு எழுதுங்க." சிறிது நேரம் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் அணை நிரம்பினதும் வரலாம். வண்டலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைங்க. இப்போ திருப்பலாம்."

அந்தச் சொல்லை அவளே சொன்னாள். நான் படகைத் திருப்பினேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். குடகில் மழை பிடித்திருந்தது. நாள்தோறும் காலையில் செய்தித்தாள் வந்ததும், "இன்னைக்கு எத்தனை அடி?" என்பாள். அணையின் நீர்மட்டத்தைப் படித்துச் சொல்வேன். நேற்றைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை அவளே சொல்லிவிடுவாள். ஒரு நாள் காலை அவள் கேட்கவில்லை. நான் படித்தேன். அதற்கு மறுநாளும் படித்தேன். அணை நிரம்ப இன்னும் சில அடிகள் இருந்தன.

இதைவிட அதிகமாக அதைப் பற்றி எழுத என்னால் இயலாது.

ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. படகை விற்றுவிடும்படி சென்னையிலிருக்கும் என் தங்கை மூன்று கடிதங்கள் எழுதிவிட்டாள். அவள் காரணங்கள் நியாயமானவை. என் வயதில் ஒருவன் தனியாகப் பின்நீரில் போவது அறிவுடைமை ஆகாது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு தீவுகள் முடிந்து ஐந்தாவது என் கணக்கினால் நின்றுபோயிருக்கிறது. தவறு என்னுடையது, திருத்துவதும் என் வேலை.

இந்த ஆண்டு மே மாதத்தில், பின்நீர் வற்றி அந்தச் சேறு காய்ந்து வெடித்திருந்தபோது, பழைய நண்பரிடம் நிலத்தின் உயரம் அளக்கும் மட்டமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் அளந்தேன். வண்டல் நாலரை அடி. அதைச் சேர்த்துப் புதிதாக வரைந்திருக்கிறேன். அணை இப்போது நிரம்பியிருக்கிறது. நீர் இறங்கும் வழக்கமான வேகத்தைக்கொண்டு பார்த்தால், அந்த மேடு நவம்பர் முதல் வாரம்வரை தீவாக இருக்கும். இம்முறை கணக்கை நம்பி மட்டும் இருக்கவில்லை, பரிசல்காரரிடமும் கேட்டேன். மாடுகள் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை என்றார்.

துடுப்பும் சுக்கானும் ஒரே ஆளால் முடியாதவை என்பது செப்டம்பரில் தெரிந்தது. துறைக்கு எதிரே பழகிப் பார்த்தேன். சுக்கானைக் கட்டிவிட்டுத் துடுப்புப் போட்டால் படகு இடப்பக்கமாகவே சுழன்றது. பரிசல்காரர் கரையில் குந்தி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஊருக்குப் போறீங்களா, கோலம் போடறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் இப்போதைக்கு."

"நான் வேணா வந்து பின்னாடி உக்காந்துக்கறேனுங்க. ஒரு நாள் வேலைதானே."

"வேண்டாம். அங்கே ஒருத்தரை உட்காரவெச்சுப் போக என்னால முடியாது."

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு நீருக்குள் இறங்கி வந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுக்கான் பிடியின் இருபுறமும் இரண்டு கயிறு கட்டி, அவற்றின் முனைகளை என் கால்களுக்கு அருகில் கொண்டுவந்து வைத்தார். "காலுல இழுத்துக்குங்க. இடது காலு, வலது காலு. மறக்காதீங்க." மறந்தேன். மூன்று வாரங்கள் ஆயின. இப்போது படகு நேராகப் போகிறது. வெகு மெதுவாக, ஆனால் நேராக.

போகிற நாளில் நீர் இடக்கைப் பக்கம் இருக்க நடப்பேன். படகைத் தொட்டால் தீவு என்று எழுதுவேன். தொடாவிட்டால் இடம் என்றே எழுதுவேன். சுற்றியவர் யார் என்பதையும் உள்ளபடி எழுதுவேன். அவள் வந்ததாக ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். அதை அவள் அனுமதிக்க மாட்டாள்.

புறப்படுமுன் இன்னும் செய்யாமல் இருப்பவை:

1. முன்பக்கம் மூன்றாம் பலகை இடுக்கில் நாரும் தாரும் வைத்து அடைப்பது.

2. படகு செலுத்தும் அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிப்பது; 'இருவர்' என்பதை 'ஒருவர்' என்று மாற்றித் தரக் கேட்பது.

3. தங்கையின் மூன்று கடிதங்களுக்கும் பதில்.

4. இடது துடுப்பின் தோலுறையை மாற்றுவது.

5. மண்ணெண்ணெய் அடுப்பின் துளை அடைப்பை எடுக்கும் ஊசி வாங்குவது.