அறுபத்தொரு ஆடுகளும் ஒரு சொல்லும்

ரோஸ்லின் தொஹானி, நவஹோ பூர்வகுடிகளான எங்கள் ஊர் லுக்காச்சுகாயில் எனக்குப் பக்கத்து வீடு. பக்கம் என்றால் ஒன்றரை மைல். ஆஸ்பத்திரியில் நவஹோ பேசும் நோயாளிகளுக்கும் ஆங்கிலம் பேசும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது அவள் வேலை. ஊரார் வலியையெல்லாம் பிசகாமல் எடுத்துச் சொன்னவள், சொந்த மாமா சொன்ன ஒற்றைச் சொல்லில் சறுக்கி, அக்காவோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தாள்.

மாமா பெயர் ஹோஸ்கி. அம்மாவுடன் பிறந்தவர். முழங்கால் தேய்ந்துபோய், மகனோடு இருக்கலாம் என்று பீனிக்ஸுக்குக் கிளம்பிய அன்று வாசலில் அக்காளும் தங்கையும், வண்டியைச் சுற்றிப் பட்டி நாய்கள் ரெண்டும். பிக்கப் வண்டியின் ஜன்னலிலிருந்து, விரல் நீட்டாத எங்கள் வழக்கப்படி உதட்டைக் குவித்து ஆட்டுப்பட்டியைக் காட்டினார். "நிஹிதிபே" என்றார். வண்டி போய்விட்டது.

திபே என்றால் செம்மறி. வில்லங்கம் நிஹியில்தான். எங்கள் பேச்சில் 'நம்ம' என்பதும் நிஹி, 'உங்க' என்பதும் நிஹி. கூட இன்னும் ரெண்டு சொல் வந்தால் எது என்று பிடிபட்டுவிடும். மாமா வேறு சொல்லே விடவில்லை. ரோஸ்லின் காதில் அது 'நம்ம ஆடு' என்று விழுந்தது: குடும்பத்துக்குப் பொது, பிரிக்கக் கூடாது. அக்கா பெர்னிட்டா காதில் 'உங்க ஆடு' என்று விழுந்தது: இருவருக்கும் கொடுத்துவிட்டார், பாதியை அவள் ஓட்டிக்கொண்டு போகலாம்.

"ஆஸ்பத்திரியில இங்கிலீஷ் பேசிப் பேசி உன் காது கெட்டுப்போச்சுடி" என்றாள் பெர்னிட்டா.

"உன் காது ஆசையில அடைச்சுக்கிச்சு" என்றாள் ரோஸ்லின்.

அதோடு சரி. ஆடுகள் ரோஸ்லின் பட்டியிலேயே பெருகின.

மூன்றாம் வருஷம் மே மாதம் ரோமம் கத்தரிக்க வந்தவர்கள் நியூசிலாந்து மாவோரிகள். ஹூரியா என்ற நாற்பது வயதுக்காரி, கூட அவள் பெரியம்மா மகன் பாவோரா. என் ஆடுகளையும் அன்றைக்கு அங்கேதான் ஓட்டிப் போயிருந்தேன். ஆட்டை மடியில் சாய்த்தபடியே ஹூரியா "ஹோமாய்!" என்று கத்துவாள், அவன் தண்ணீர் பாட்டிலை வீசுவான். இன்னொரு "ஹோமாய்!", எண்ணெய் டப்பா வரும். அப்புறம் துண்டு, அப்புறம் சாக்கு. ரோஸ்லின் கம்பளியைப் பொறுக்குவதை விட்டுவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஹோமாய்னா என்ன?"

"எனக்குக் குடுன்னு அர்த்தம்."

"எதை?"

"எதையும்தான்."

"எதையுமா?" ரோஸ்லினுக்கு நம்பிக்கை வரவில்லை. "கோப்பையைக் கேட்டாலும், கயிறைக் கேட்டாலும் ஒரே சொல்லா? எங்ககிட்ட பொருளோட உருவத்துக்குத் தக்கபடி சொல்லு மாறும். குச்சிக்கு ஒண்ணு, துணிக்கு ஒண்ணு, பொசுபொசுன்னு இருக்கிற கம்பளிக்கு ஒண்ணு. எப்படியும் பத்துப் பதினொண்ணு தேறும்."

ஹூரியாவுக்கு ஆசை வந்துவிட்டது. ரோஸ்லின் சொல்லிக்காட்டியவற்றில் ஒரு சொல்லை நாக்கில் புரட்டிப் பார்த்து, என் பக்கம் திரும்பி, "ஷா நில்ஜோல்" என்றாள். காபி கேட்கிறாள், ஆனால் கம்பளிக்கு உண்டான சொல். நான் ஒரு கை ரோமத்தை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"சர்க்கரை வேணுமா அதுக்கு?" என்றாள் ரோஸ்லின். பாவோராவுக்குக் குடித்த காபி மூக்கில் ஏறியது.

"குடுக்கிறதுக்கு இத்தனை வச்சிருக்கீங்களே, 'நாம'ங்கிறதுக்கு எத்தனை?" என்று ஹூரியா கேட்டாள்.

"ஒண்ணு. 'நீங்க'ங்கிறதும் அதேதான்."

"அட, எங்களுக்கு நாலு! நீயும் நானும்னா தாவுவா. உன்னைச் சேர்க்காம, நானும் இவனும்னா மாவுவா. எல்லாருமா நாமன்னா தாத்தோவ். உன்னை விட்டுட்டு எங்க கூட்டம் மட்டும்னா மாத்தோவ். 'நீங்க' தனி."

ரோஸ்லின் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, ஊரில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத மாமா கதையை இந்த வெளியூர்க்காரியிடம் கொட்டிவிட்டாள்.

"மாமா இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"அப்ப எந்த நிஹின்னு அவரையே கேட்டிருக்கலாமே?"

"நான் மட்டும் கேட்டா, நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு அக்கா சொல்லுவா. அவ கேட்டா நானும் அதைத்தான் சொல்லுவேன்."

"அப்ப நீயும் அக்காவும் தாவுவாவாப் போங்க" என்று சொல்லிவிட்டு ஹூரியா அடுத்த ஆட்டை இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, நான் தப்பாக் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாளாம். காதை நம்பிப் பிழைக்கிறவள் வாயிலிருந்து இது வந்ததே பெர்னிட்டாவுக்குப் போதும். கார் சாவியை எடுத்துக்கொண்டு தங்கையோடு மாமாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான்.

பீனிக்ஸில் இருவரும் சேர்ந்தே, அன்றைக்குச் சொன்னது எந்த நிஹி என்று மாமாவைக் கேட்டார்கள்.

"அடியே, அது நாய்ங்ககிட்டச் சொன்னது! ரெண்டும் வண்டி பின்னாலயே ஓடி வரப் பாத்துச்சு. உங்க ஆடு அங்க இருக்கு, போய்ப் பாருங்கன்னேன்."

அக்காளும் தங்கையும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து மகன் ஓடி வந்தான். மாமா சிரிக்கவில்லை.

"மூணு வருஷமா ஆட்டுக்குச் சண்டை போட்டிருக்கீங்க. ஒருத்தியாவது வந்து என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது. ஆடு யாருக்கு என்ற கேள்வியை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அறுபத்தொரு ஆடும் ஒரே பட்டியில்தான் நிற்கின்றன. குட்டி போடும் காலத்தில் பெர்னிட்டா வந்து தங்குகிறாள். மாதம் ஒருமுறை இருவரும் ஆட்டுக்கறி எடுத்துக்கொண்டு பீனிக்ஸ் போகிறார்கள். காரில் போகும்போது அடித்துக்கொள்ள வேறு விஷயங்கள் இல்லாமல் இல்லை.

நாய் சங்கதியைப் போனில் கேட்ட ஹூரியா, "எங்க பேச்சுலயும் வில்லங்கம் உண்டு" என்றாளாம். "'என்னோட'ன்னு சொல்லவே ரெண்டு வகை. நம்ம கைக்குள்ள இருக்கிறதுக்கு 'ஆ', நம்மளத் தாங்குறதுக்கு 'ஓ'. ஆடு 'ஆ'. குதிரை 'ஓ', அது நம்மளச் சுமக்குதில்ல?"

"யாரும் ஏற முடியாத கிழட்டுக் குதிரைன்னா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

ஹூரியா அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அத்தையும் சித்தப்பாவும் அதில் ஒத்துப்போகவில்லையாம். ரோஸ்லின் வாரம் தவறாமல் போன் போட்டு என்ன முடிவாச்சு என்று விசாரிக்கிறாள்.