தங்கை சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேரும்வரை பெருக்காத வீடு

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை.

(சோம்பேறித்தனம் இல்லை நண்பர்களே, சம்பிரதாயம்.)

ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எங்கள் புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் என்றால் அது ஒரு மணி நேர விஷயம்.

இந்த முறை கிளம்பியது என் தங்கை கல்பனா. மேல்படிப்புக்காக சான் ஃபிரான்சிஸ்கோ. விமானம் ஏறுவதே முதல் தடவை, அதுவும் தனியாக.

செவ்வாய் சாயந்திரம் பெட்டி கட்டியபோது சிந்திய முறுக்குத் தூள், கயிற்றுத் துண்டு, அவள் தலையிலிருந்து உதிர்ந்த மல்லி எல்லாம் கூடத்தில் அப்படியே கிடந்தன.

அவளைச் சென்னையில் விட்டுவிட்டு நான் புதன் காலை வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து போன். "எறங்கிட்டேம்மா."

அம்மா உடனே துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

"அம்மா, அது ஃபிளைட் மாறுற எடம். நம்ம ரேணிகுண்டா ஜங்ஷன் மாதிரி. இன்னும் பதினாறு மணி நேரம் கீது."

"பதினாறா? நடுவுல எங்கியும் நிக்காதா?"

"நிக்காது."

துடைப்பம் மறுபடி மூலைக்குப் போனது.

மத்தியானம் நைனா (அப்பாதான்) கழனியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"மொத்தம் எத்தினி தூரம்டா?"

"பதினாறாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும் நைனா."

"நம்ம திருப்பதிக்கு எத்தினி வாட்டி போன மாதிரி?"

போனில் கணக்குப் போட்டேன். "நானூத்தி அம்பது வாட்டி."

நைனா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "என் ஆயுசுக்கும் அத்தினி வாட்டி நா போனதில்லியே."

விமானம் போகும் வழியை மேப்பில் காட்டினேன். அமெரிக்கா மேற்கே இருக்க, அது நேராக வடக்கே ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா பயந்துவிட்டாள். "இன்னாடா மேல போய்க்கினு கீறான்? வழி தெரியலியா அவனுக்கு?"

உலகத்தின் உச்சந்தலையைச் சுற்றிக்கொண்டு போவதுதான் குறுக்கு வழியாம். பூமி உருண்டை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் நேற்றுதான் நம்பினேன்.

பனி உறைந்த கடலுக்கு மேலே எங்கள் வீட்டுப் பெண் தூங்கிக்கொண்டே போகிறாள். நினைக்க நினைக்க எனக்கு மெய் சிலிர்த்தது.

இன்று காலை ஐந்து மணிக்கு வீடியோ கால். அவளுக்குப் பின்னால் பளீரென்று வெயில்.

"ரூமுக்கு வந்து சேந்துட்டேம்மா. இங்க இன்னும் புதன்கெழமை சாயந்திரம்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப நேத்தே சேந்துட்டாளா? நா இன்னிக்கி வரைக்கும் குப்பையில குந்திக்கினு கீறேனே!"

இங்கேயும் அங்கேயும் ஒரே சிரிப்பு.

போனை வைத்ததும், "இப்போ பெருக்கும்மா" என்றேன்.

துடைப்பத்தோடு வந்தவள் வாடிக் கிடந்த மல்லியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இருடா. இத்த பெருக்கிட்டா அவ நெஜமாவே போய்ட்டானு ஆயிடும்."

இப்போது மணி பத்து. வீட்டை இன்னும் பெருக்கவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து இப்படி ஒருவர் கிளம்பியபோது எத்தனை நாள் கழித்துப் பெருக்கினார்கள்?