கார்க்கு அடைத்த வால்வு

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு அங்கே வைத்த பெயர் ‘கார்க்கு’. எது ஒழுகினாலும் அடைக்காமல் மனுஷனுக்குத் தூக்கம் வராது. ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குவது மட்டும் அவர் அகராதியிலேயே கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளியலறையிலேயே ஹீட்டர் சொட்ட ஆரம்பித்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விடுகிற சின்ன வால்வு இருக்கிறதே, அதிலிருந்துதான். கழற்றி அழுக்கை அலசி மாட்டினார். சொட்டியது. புதுசு வாங்கி மாட்டினார். அதுவும் சொட்டியது.

“தெரிஞ்ச ஆளா பாத்துக் கூப்பிடுங்களேன்,” என்றாள் மனைவி.

“பஸ்ஸையே பிரிச்சு மாட்டினவன் நான். எனக்கு இதெல்லாம் ஜுஜுபி.”

அவள் அந்தப் பக்கம் போனதும், வால்வின் வாயில் ஒரு மூடியைத் திருகி இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. வீம்பு கண்ணை மறைத்தால், அந்த வால்வு எதற்காக இருக்கிறது என்கிற நினைப்பு எங்கிருந்து வரும்?

மறுநாள் காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு மனைவி குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

“என்னங்க, தண்ணி இப்படிக் கொதிக்குது! குழாயத் திறந்தா புஸ்ஸுனு ஆவி வருது!”

மூடி போட்டு அடைத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொதிக்கிற ரேடியேட்டர் பக்கம் ஒருத்தரையும் அண்டவிடாத ஆள் அவர். இந்தத் தொட்டி வெடித்தால் சுவரே மிஞ்சாது. ஓடிப்போய் வெளியே இருந்த சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவை உடைப்பதுபோல் தட்டினார்.

“வெளிய வா! அப்படியே வந்துடு!”

தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தவளைக் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப்போனார். அடைத்ததைச் சொன்னார். அவள் திட்டவில்லை. நெற்றியில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டாள்.

ஹீட்டர் ஆறிய பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக பிளம்பருக்குப் போன் போட்டார். அவன் வந்து பிரித்துப் பார்த்தான்.

“வால்வு நல்லாத்தான் இருக்கு சார். தெர்மோஸ்டாட் போயிடுச்சு, சூடு நிக்காம ஏறுது. அதான் வால்வு தண்ணிய வெளிய தள்ளியிருக்கு. ஆமா, இந்த மூடிய எந்தப் புண்ணியவான் போட்டது?”

“முன்னாடி யாரோ ஒரு ஆள் வந்து...” என்று மனைவி முந்திக்கொண்டாள்.

“யாரும் வரல. நான்தாம்ப்பா அடைச்சேன்,” என்றார் கார்க்கு. “அது தெரியாம இவ உள்ள குளிச்சிட்டு இருந்தா.”