மயில் தாள் சுற்றிய ரோஜாத் தொட்டி

நான் செய்த தப்பை என் அக்காமீது போட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது என்பது சாக்கு ஆகாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் சித்தப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்திக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. சித்தி என்றால் அக்காவுக்கு உயிர். அவளுக்குக் கொடுக்கவென்றே ஒரு ரோஜாவைத் தொட்டியில் பதியன் போட்டு வளர்த்தாள். தொட்டிக்கு அழகாகத் தாள் சுற்றும் வேலையை மட்டும் என்னிடம் விட்டாள்.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தார். வீணாய்ப்போன பட்டாசு லேபிள் தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் அட்டை. அதில் ஒரு தாளில் தோகை விரித்த மயில் ஒன்று பளபளவென்று இருந்தது. கம்பெனிப் பெயரை நான் பார்க்கவே இல்லை. மைதாப் பசை தடவி ஒட்டி, ஜரிகைக் கயிறும் கட்டினேன். சித்தி வாசலில் நுழைந்ததும், அக்கா தலை பின்னி முடிப்பதற்குள், நானே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சித்தி சிரித்தபடி வாங்கினாள். மயிலைப் பார்த்தாள். கை தானாக விரிந்தது. தொட்டி விழுந்து உடைந்தது. அது சித்தப்பா செத்த கம்பெனியின் லேபிள்.

“யாரு இத ஒட்டுனது?” என்றாள் சித்தி.

அப்பா எழுந்துவிட்டார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே, “அக்காதான்” என்றேன்.

பாதிப் பின்னலோடு வந்து நின்ற அக்கா மறுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“சின்னப்பய செஞ்சிருந்தா வெவரம் தெரியலன்னு விட்டிருப்பேன். நீ எங்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவதான புள்ள?” என்றாள் சித்தி. பிறகு அவள் அக்காவோடு பேசவே இல்லை. அக்கா கல்யாணத்துக்கும் வரவில்லை.

எனக்கான மன்னிப்பு அந்தப் பேச்சிலேயே இருந்தது. அன்று அது எனக்கு விளங்கவில்லை. அடிக்குத் தப்பியது ஒன்றுதான் தெரிந்தது.

போன தை மாதம் என் பேத்தி கல்யாணத்தில், வந்தவர்களுக்கெல்லாம் ஜிகினாத் தாள் சுற்றிய செடித் தொட்டிகளைக் கொடுத்தார்கள். என்னால் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. மறுநாள் ரோஜா ஒன்றை வெறும் மண்தொட்டியோடு எடுத்துப்போய்ச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது.

“ஏலே, இத்தன வருசமா வாயில என்னத்தலே வச்சிருந்த?” என்றாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். “காரை எடு. காரியாபட்டிக்கு, ஒங்கக்கா வீட்டுக்குப் போவோம்.”

அக்கா கதவைத் திறந்தாள். சித்தி அவள் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். நான் தொட்டியோடு வாசலில் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டு லேசான காரியமாலே இது?”

இப்போது இருவரும் தினமும் போனில் பேசுகிறார்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை.