பெரியப்பா வெட்டிய பள்ளம்

எங்கள் காட்டுக் கொட்டாயிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரே ஒரு வண்டிப் பாட்டைதான் உண்டு. அது பெரியப்பாவின் நிலத்து வழியாகப் போனது. பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி முறை. தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோது முன்பக்கம் அவர்களுக்கும் பின்பக்கம் எங்களுக்கும் விழுந்ததாம். பாட்டை மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. முன்னால் போனால் அவர் நிலத்தைக் கடந்து கள்ளக்குறிச்சி போகிற தார் ரோடு. பின்னால் போனால் எங்கள் நிலத்தைக் கடந்து, ஓடையைத் தாண்டி, நைனார்பாளையம் போகிற மண் ரோடு. பின்பக்கத்தை யார் சீந்தினார்கள்? பஸ், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, கரும்பு லாரி எல்லாம் தார் ரோட்டில். ஆக, பெரியப்பாவின் தயவு எங்களுக்கு எந்நேரமும் வேண்டியிருந்தது. எங்கள் தயவு அவருக்கு எதற்கும் வேண்டியிருக்கவில்லை.

சண்டை ஒரு வாய்க்காலில் ஆரம்பித்தது. அவருடைய பம்புசெட்டுத் தண்ணீர் பாட்டையைக் குறுக்கே தாண்டித்தான் மேட்டு வயலுக்குப் போக வேண்டும். எங்கள் வண்டி கரும்பு ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் வாய்க்கால் கரை உடையும். ஒரு சிமெண்டுக் குழாய் பதித்தால் தீர்ந்தது. வண்டி உன்னுது, நீ போடு என்றார் அவர். தண்ணி உன்னுது, நீ போடு என்றார் அப்பா. இரண்டு பேருமே நியாயஸ்தர்கள், என்ன செய்வது! நியாயம் வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, எல்லைக் கல்லை ஒட்டிப் பாட்டையின் குறுக்கே என் இடுப்பு மூழ்குகிற ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தது. வெட்டிய மண் அந்தப் பக்கம் குவிந்து கிடந்தது. அதன் மேல் கருவேல முள்ளையும் வெட்டிப் போட்டிருந்தார்.

ஊரில் நாலு பெரியவர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். கோர்ட்டுக்குப் போகச் சொல்லு என்றார் பெரியப்பா. "கேஸு போட்டா எம் பேரப்புள்ள காலத்துலதான் தீர்ப்பு வரும். கரும்பு அதுவரைக்கும் நின்னுக்கினு இருக்குமா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். வெட்டு வருகிற நேரத்தில் வண்டி போக வழி இல்லாவிட்டால் கரும்பு காய்ந்து விறகாகிவிடும். அது தெரிந்து அப்பா சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே யோசனைக்குப் போய்விடுவார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நான் பள்ளத்தில் இறங்கி, ஏறி, முள் இல்லாத சந்தாகப் பார்த்து நுழைந்து பள்ளிக்கூடம் போய்வந்தேன். உண்மையைச் சொன்னால் பாட்டையைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியப்பாவின் மகளைத் திருக்கோவிலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் குழந்தைகளும் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தை அக்காவும் மதிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை. பெரியப்பா பம்புசெட்டுக்குப் போன நேரம் பார்த்து, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து பள்ளத்தின் அந்தக் கரையில் உட்காரும். இந்தக் கரையில் நான். "உங்கூட்டுல இன்னா கொழம்பு பாப்பா?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கும். அக்காவுக்கு மசக்கை முடிந்தும் நாக்கு அடங்கவில்லை. சாம்பல், சுட்ட மண், புளியங்காய் என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு தனியாக வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். ஒரு வாரத்துக்கு எந்த ரோட்டிலும் வண்டி ஓடக் கூடாது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்பா, அவர்கள் வீட்டுக்குப் பெரியப்பா. பாட்டை முனையில், தார் ரோட்டோரம் நின்ற பெரிய புளியமரத்தை அறுத்துச் சாய்ப்பதென்று பேச்சு. எங்கள் ஊரில் அந்தப் பருமனுக்கு இரண்டு பேர் இழுக்கிற ரம்பம் ஒன்றுதான் இருந்தது. அதை லாகவமாக இழுக்கத் தெரிந்தவர்களும் இரண்டே பேர்தான்.

நான் போய் வேடிக்கை பார்த்தேன். ஒரு பக்கம் அப்பா, எதிர்ப்பக்கம் பெரியப்பா. பேச்சு இல்லை, முகம் பார்ப்பது இல்லை. ஆனால் ரம்பம் போகிறது, வருகிறது, ஒரு இழுப்பு பிசகவில்லை. சின்ன வயதிலிருந்து சேர்ந்து இழுத்துப் பழகிய கைகள். "வழிக்கு வெட்டுக்குத்து, மரத்துக்கு மட்டும் ஒறவாடா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. மரம் படபடவென்று முறிந்து ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பஸ் வராது, வாத்தியார் வர மாட்டார், பள்ளிக்கூடம் கிடையாது. எனக்குக் கிடைத்த ஒதுக்கீடு அதுதான்.

விழுந்த மரம் முழுக்கப் பிஞ்சும் காயுமாக இருந்தது. பாவாடை கொள்ளப் பறித்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினேன். அக்கா ஒன்றைக் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தது. "இன்னா பாப்பா, மரத்துமேல ஏறுனியா?"

"இல்லக்கா. மரமே கீழ எறங்கிடுச்சி."

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மீதியை உப்பில் போட்டு வை, பிள்ளை பிறந்த பிறகு தின்னலாம், இங்கே வைத்தால் எங்கம்மா தூக்கிப் போட்டுவிடும், யாரிடமும் சொல்லாதே என்றது. நான் எங்கள் வீட்டு உப்புச் சட்டியில் அடியில் புதைத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு கல்வராயன் மலைப் பக்கம் கருத்து, இரண்டு நாள் விடாமல் மழை. பள்ளம் நிரம்பிவிட்டது. குவிந்து கிடந்த மண் கரைந்து சேறாக உள்ளே இறங்கியது. நடுவில் ஒரு நாள் விடியலில் போலீஸ் லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்து, ஊரில் அகப்பட்ட ஆண்பிள்ளைகளை எல்லாம் பிடித்துக்கொண்டு போயிற்று. மீதிப் பேர் கரும்புக்குள் ஒளிந்தார்கள். காட்டுக் கொட்டாய்ப் பக்கம் யாரும் வரவில்லை என்பதால் அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் தப்பித்தார்கள்.

மறுநாள் காலை அக்காவுக்கு வலி எடுத்தது. வந்து பார்த்த மருத்துவச்சி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா வண்டியைப் பூட்டி அக்காவை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டுக்குத்தான் போனார். வேறு எங்கே போவார்? புளியமரம் கிடந்தது. அதைத் தாண்டினால் அடுத்த வளைவில் இன்னொரு மரம், அதற்கடுத்து வெட்டிய பாலம். இரண்டு பக்கமும் ரோட்டோரப் பள்ளத்தில் மழைத் தண்ணீர். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அப்பாவைக் கூப்பிட்ட முதல் சொல்.

"தம்பி! வண்டியக் கட்றா தம்பி! பின்பக்கத்து வழியா நைனார்பாளையத்து நர்சம்மாகிட்ட போயிடலாம்!"

அப்பா தொழுவத்துக்கு ஓடினார். மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினார். மண்வெட்டியால் இரண்டு பேரும் மண்ணை இழுத்து இழுத்துத் தள்ளினார்கள். போட்ட மண்ணெல்லாம் கூழாகி அடியில் போயிற்று. பெரியப்பா வெறுங்கையால் முள்ளைப் பிடுங்கி எறிந்தார். கை கிழிந்து ரத்தம் வடிந்தது. மண்வெட்டியால் ஆகாது என்று தெரிந்த பிறகு, அக்காவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். தலைமாட்டைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார். கால்மாட்டுக்குப் பெரியம்மாவும் மருத்துவச்சியும். அப்பா பள்ளத்துக்குள் குதித்து, இடுப்பளவு சேற்றில் நின்று, கட்டிலைத் தோளில் வாங்கினார். ஒரு அடி வைத்தால் கால் புதையும். அதை உருவி அடுத்த அடி. அக்காவின் வளையல் கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு நெடுநேரம் என்று தோன்றியது. இந்தக் கரையில் அம்மா குனிந்து கட்டிலை வாங்கும்போது அக்கா என்னைப் பார்த்தது. தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

வண்டி போயிற்று. சாயங்காலம் திரும்பி வந்தது. போகும்போது மாடுகளை விரட்டிக்கொண்டு போன அப்பா, வரும்போது மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். அதைப் பார்த்ததுமே அம்மா வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நைனார்பாளையம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே அக்கா உயிர் போய்விட்டதாம். பிள்ளை பிறக்கவே இல்லை.

மறியல் முடிந்து, அரசாங்கத்து ஆள்கள் வந்து மரங்களை அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓடியது. பிடிபட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெரியப்பா அதற்குள் பள்ளத்தைத் தூர்த்துவிட்டார். ஆள் வைக்காமல், தனியாக, நாள் முழுக்க மண் சுமந்து கொட்டி, மிதித்துக் கெட்டியாக்கினார். வழி திறந்தது. அப்பா அதில் வண்டி ஓட்டாமல் இருந்தார். எனக்கு அது விளங்கவில்லை. ஜெயித்தவர்கள் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

காரியம் முடிந்த மறுநாள் காலை பார்த்தால், பள்ளம் இருந்த அதே இடத்தில் பெரியப்பா மறுபடி கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று நீளக் கற்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"யப்பா! பெரியப்பா மறுபடியும் குழி தோண்றாரு! கல்லு நட்டு அடைக்கப் போறாரு!"

அப்பா எழுந்து எங்கள் வீட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார். இன்றைக்கு மண்டை உடையப் போகிறது என்று நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா தடுக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா நேரே போய், பெரியப்பாவுக்கு எதிரே நின்று, இரண்டாவது குழியைத் தோண்ட ஆரம்பித்தார். ரம்பம் இழுத்தபோது போலவே இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பாட்டையின் ஓரமாக இரண்டு கல்லை நட்டு, மூன்றாவதைச் சேர்ந்து தூக்கி மேலே குறுக்காக வைத்தார்கள்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப் போனவளுக்குப் பாரம் இறங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் பெயரில் ஒரு சுமைதாங்கி நட வேண்டும். வழியில் போகிறவர்கள் புல்லுக்கட்டோ விறகுக்கட்டோ தலையிலிருந்து அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கினால், அவளுக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும். ஆகையால் அதை நாலு பேர் நடக்கிற பொது வழியில்தான் நடுவார்கள். தார் ரோட்டோரம் நடலாம் என்று ஊரில் சொன்னார்களாம். பெரியப்பா கேட்கவில்லையாம். சுமைதாங்கி நின்ற வழியை எவனும் அதற்குப் பிறகு அடைக்க முடியாது. அடைத்தால் அவள் பாரம் அவள் மேலேயே நிற்கும். இதெல்லாம் அம்மா எனக்கு விவரமாகச் சொன்னது நான் பெரியவளான பிறகு. அன்றைக்கு எனக்கு அது அக்காவுக்கு வைத்த கல், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என்றதும் உப்புச் சட்டி ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் புளியங்காய்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனேன். உப்பில் சுருங்கிக் கறுத்திருந்தன. கல் எனக்கு எட்டவில்லை. பெரியப்பா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பெரியப்பா, என்னத் தூக்குங்க."

"எதுக்கு பாப்பா?"

"அக்காவுக்குப் புளியங்கா வெக்கணும். உப்புல போட்டு வையின்னு சொல்லிச்சி."

அவர் எழுந்து என்னைத் தூக்கினார். கையில் முள் கிழித்த இடத்துக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. நான் காய்களைக் கல்லின்மேல் வரிசையாக வைத்தேன். கீழே இறக்கிவிட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இந்தக் காயி ஏது ஒனக்கு?"

"நீங்களும் அப்பாவும் ரோட்டுல அறுத்தீங்களே, அந்த மரத்துது. இங்க குந்திக்கினுதான் அக்கா தின்னுச்சி."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய ஆள் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. அக்கா சொல்லாதே என்று சொல்லியிருந்ததை நானே உளறிவிட்டேனே. அவருக்குத் தெரியாமல் பள்ளத்தில் இறங்கி ஏறியதும், அவர் வீட்டுப் பெண்ணோடு பேசியதும் வெளியாகிவிட்டது, அதனால்தான் மனுஷர் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன்.

"இனிமே பள்ளத்தத் தாண்ட மாட்டேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, தூர்த்த மண்ணின்மேல் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.