இடது ஓரக் கம்பம்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் 'வரிசை மேடம்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவளோ பட்டம் கொடுத்தது போலத் தலை நிமிர்ந்து நடப்பாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. மாதம் முழுக்க வந்த புகார்கள் எவ்வளவு நேரத்தில் சரியாயின என்று முதலாளிக்கு ஒரு சார்ட் போட்டுத் தருவது அக்காவின் வேலை. அதில் நான்கு கம்பங்கள்: 'ஒரு மணிக்குள்', 'ஒரு நாளுக்குள்', 'ஒரு வாரத்துக்குள்', 'அதற்கு மேல்'. கம்ப்யூட்டருக்கு மணியும் தெரியாது, வாரமும் தெரியாது. அகர வரிசை ஒன்றுதான் தெரியும். 'அதற்கு மேல்' என்பதைத் தூக்கி முன்னால் உட்கார வைக்கும். 'ஒரு நாள்' வந்து 'ஒரு மணி'யை முந்திக்கொள்ளும்.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி அடுக்குது பாரு" என்று அதைத் திட்டுவாள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துக் கட்டத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டு, பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார்த்து நில் என்று அதற்குக் கட்டளையிடுவாள். எண்கள் சார்ட்டில் தெரியாது. கம்பங்கள் மட்டும் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நிற்கும்.

இந்தப் பைத்தியம் வீட்டுக்கும் வந்தது. அவள் போனில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். '06 கேஸ்காரர்'. அதற்குக் கீழே, '07 தம்பி'.

"என்னக்கா இது? கூடப் பிறந்தவன் கேஸ்காரருக்கும் கீழயா?"

"அவசரம்னா யாரு சீக்கிரம் வருவாங்களோ அந்த வரிசைடா. அவரு கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் சிலிண்டரோட வாசல்ல நிப்பாரு. நீ என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்க?"

"அப்ப ஒண்ணு யாரு?"

"ஸ்பேனர்."

ஸ்பேனர் என்பவர் அவள் கம்பெனியின் தலைமை மெக்கானிக். கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப்பையில் ஸ்பேனரோடு போகிறவர்.

ஒருமுறை நான் வீடு மாறியபோது உதவிக்கு வருகிறேன் என்று நான்கு நாள் லீவு போட்டாள். வந்து என் அட்டைப்பெட்டிகளுக்கெல்லாம் எண் போட்டாள். அந்த நேரம் பார்த்து மாதக் கடைசி வந்தது. சார்ட் போடும் வேலை பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் போயிற்று. 1, 2, 3, 4 என்று காரணமில்லாமல் கிடந்த எண்களைப் பார்த்த அவள், யாரோ கைதவறித் தட்டியது என்று நினைத்து, சுத்தமாக அழித்துவிட்டாள். அக்கா இல்லாத சமயத்தில் நல்ல பெயர் வாங்கத்தான்.

முதலாளி சார்ட்டைப் பார்த்தார். அவர் பார்ப்பது இடது ஓரக் கம்பத்தை மட்டும்தான். அது உயரமாக இருந்தால் தேநீர் சொல்வார், குட்டையாக இருந்தால் ஆளைக் கூப்பிடுவார். கீழே எழுதியிருப்பதைப் படித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கம்பம் நின்றது. மூன்றாவது கம்பம் கூரையை இடித்தது. எல்லா வேலையும் வாரக்கணக்கில் இழுக்கிறது என்று முடிவு கட்டினார். ஐந்து மெக்கானிக்குகளையும் அனுப்பிவிட்டு வெளி ஆட்களிடம் வேலையைக் கொடுக்க ஏற்பாடாயிற்று.

ஸ்பேனர் அக்காவுக்கு போன் செய்தார். "மேடம், இந்த மாசம் நாங்க ஓடின ஓட்டம் உங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமையிலிருந்து வர வேணாம்னுட்டாரு. பசங்க மூஞ்சியப் பாக்க முடியல."

அக்கா என் குக்கரைத் தரையில் வைத்தாள். "ஒன்பதாவது பெட்டிய நான் வர்ற வரைக்கும் திறக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

முதலாளியின் அறையில் நடந்ததை ஸ்பேனர் இதுவரை எனக்கு நான்கு முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"சார், முதல் கம்பத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

"அதான் தெரியுமேம்மா. ஒரு மணிக்குள்ள."

"தெரியும்னு சொல்லாதீங்க சார். படிங்க."

முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். "அதற்கு... மேல்."

"மூணாவது?"

"ஒரு மணிக்குள்." கொஞ்ச நேரம் அந்த உயரமான கம்பத்தையே பார்த்தார். "ஏம்மா, இந்த மாசம்தான் இவங்க நல்லாவே செஞ்சிருக்காங்களா?"

"இது வரைக்கும் இவ்வளவு உயரம் போனதே இல்ல சார்."

கதவோரம் அழுதுகொண்டு நின்ற பெண்ணிடம் அக்கா சொன்னாளாம்: "உன் மேல தப்பில்லம்மா. ஒரே இடத்துல நிக்க வெச்சு நிக்க வெச்சு, யாரும் படிக்க வேண்டாம்னு நான்தான் பழக்கிட்டேன்."

ஐந்து பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார்கள். அந்த மாதத்திலிருந்து, நான்கு பெயர்களையும் முதலாளி சத்தமாகப் படித்த பிறகே அக்கா கம்பங்களைக் காட்டினாள். கதவுக்கு வெளியே மொத்த ஆபீஸும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

மூன்று வாரம் முன்பு, காலை பதினொரு மணிக்கு, அக்கா சமையலறையில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே போனில் முதல் பெயரை அழுத்தியிருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி ஒரு லிஃப்டுக்குள் இருந்த ஸ்பேனர் ஆறு நிமிடத்தில் வந்து பூட்டை உடைத்திருக்கிறார். பிறகு அவள் போனிலிருந்த மற்றவர்களையும் வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறார். அவர் அந்தத் திங்கட்கிழமை ஊரைப் பார்த்துப் போயிருந்தால், எனக்கு அந்தக் கடைசி இரண்டு நாள் கிடைத்திருக்காது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வராந்தாவில் ஸ்பேனர் கையில் கிரீஸோடு நின்றார். பக்கத்தில் எதிர்வீட்டு அம்மா, ஆட்டோக்காரர், இன்னும் சிலர். கடைசியில் கேஸ்காரர், ரசீதுப் புத்தகத்தோடு.

"உள்ள போங்க தம்பி. உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க" என்றார் கேஸ்காரர்.

போனேன். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"வெளிய எத்தனை பேருடா?"

எண்ணாமலேயே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு. ஆனாலும் கதவைத் திறந்து எண்ணிவிட்டு வந்தேன்.

"ஆறு பேருக்கா."

"பாத்தியா" என்றாள்.